பெர்மிட்டில் ஒன்று, சாலையில் வேறொன்று: ஷேர் ஆட்டோவும் சட்டமும்

பழைய மகாபலிபுரம் சாலையில் காலை எட்டரை மணிக்கு வரும் ஒரு ஷேர் ஆட்டோவைக் கவனியுங்கள். பின் இருக்கையில் நாலு பேர். அவர்களுக்கு எதிரே, முதுகு சாய இடமில்லாத குறுக்குப் பலகையில் மூணு பேர். டிரைவருக்கு இரண்டு பக்கமும் பாதி உடம்பு வெளியே இருக்க ஆளுக்கொருவர். "சோழிங்கநல்லூர், நாவலூர், சிப்காட்" என்று கூவிக்கொண்டே வண்டி நகர்கிறது. கை காட்டினால் நிற்கிறது. இறங்குகிறவர் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு நடக்கிறார்.

அதே வண்டியின் பெர்மிட்டைப் படித்தால் வேறொரு தொழில் தெரியும். யாரோ ஒருவர், அல்லது ஒன்றாகப் போகும் சிலர், வண்டியை முழுதாக வாடகைக்குப் பேசிக்கொண்டு ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குகிறார்கள்; இடையில் வேறு யாரும் ஏறுவதில்லை. காகிதத்தில் இருப்பது அந்தத் தொழில்தான். சாலையில் நடப்பதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் பல லட்சம் பேர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். அதை அடைக்கும் வேலை அரசினுடையது. வண்டிகளைப் பிடித்து அதைச் செய்ய முடியாது. வழித்தடம், இருக்கைக் கட்டணம், நிறுத்தம், காப்பீடு என்று இந்தத் தொழிலுக்கே ஒரு விதி எழுதித்தான் செய்ய முடியும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளை முக்கியமாக இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதலாவது ஸ்டேஜ் கேரேஜ்: டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதற்கான வண்டி; ஒவ்வொரு பயணியிடமும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும்; வழியில் ஏற்றி இறக்கும். நம் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் இதில் வரும். இரண்டாவது கான்ட்ராக்ட் கேரேஜ்: வண்டி முழுவதற்கும் பேசிய வாடகை, பேச்சில் சேராத ஆளை வழியில் ஏற்றக் கூடாது. ஆட்டோ, டாக்சி, சுற்றுலா வேன், ஆம்னி பஸ் எல்லாம் இதில் அடக்கம்.

இந்தப் பிரிவினையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விவாதங்களில் அது அடிபடுவதே இல்லை. ஆறு பேர் வரை ஏற்றும் வண்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் மோட்டார் கேப். அந்த மோட்டார் கேப், பயணிகளிடம் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் கான்ட்ராக்ட் கேரேஜாகவே கருதப்படும் என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது. அதாவது மூணு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போவதில் மட்டும் குற்றம் எதுவும் இல்லை. வழியில் கை காட்டிய நாலாவது ஆளை ஏற்றும்போதுதான் வரம்பு உடைகிறது. அந்த ஆட்டோ ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட் கேட்டும் போக முடியாது, ஏனென்றால் அதற்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டி வேண்டும். ஆக, கை காட்டினால் நிற்கிற மூன்று சக்கர வண்டிக்கு இரண்டு வகையிலும் இடமில்லை.

தாம்பரம், கிண்டி பக்கம் ஓடும் நாலு சக்கர மேஜிக் வண்டியின் நிலை வேறு. ஏழு பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றுவது மேக்சி கேப். தனிக் கட்டண விலக்கை வரையறை மோட்டார் கேபோடு சேர்த்துத்தான் சொல்கிறது. மேக்சி கேபுக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, வழியில் ஏற்றி இறக்கும் மேஜிக், பெர்மிட் இல்லாத பஸ்ஸாகவே சட்டத்தின் கண்ணுக்குப் படும். ஒரே ஸ்டாண்டில், ஒரே ஊர்ப் பெயரைக் கூவி, ஒரே கட்டணத்துக்கு ஓடும் இரண்டு வண்டிகள் செய்யும் தவறுகள் கூட வெவ்வேறு.

இந்தக் குழப்பம் செயலிகளுக்கும் வந்தது. 2017 தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, ஓலாவும் ஊபரும் நடத்திய பகிர்வுச் சவாரியை நிறுத்தச் சொன்னது. கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட்டில் ஓடும் வண்டி வழியில் புதிய ஆளை ஏற்றக் கூடாது என்பதுதான் காரணம். சாலையோரத்தில் கை காட்டுவதற்குப் பதில் போனில் விரல் வைத்தார்கள். சட்டச் சிக்கல் அதேதான்.

ஏன் இவ்வளவு கறாராகப் பிரித்தார்கள்? காரணம் பஸ் வரலாற்றில் இருக்கிறது. பஸ் என்பது குறித்த நேரத்தில், கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட வேண்டிய வண்டி. காலை எட்டு மணி நடையில் வரும் கலெக்‌ஷன்தான் மதியம் இரண்டு மணிக் காலி நடையைத் தாங்குகிறது. எட்டு மணிக் கூட்டத்தை மட்டும் இன்னொரு வண்டி முன்னால் போய் அள்ளிக்கொண்டால் இரண்டு மணி நடை நின்றுபோகும். அந்த நடையை நம்பியிருக்கும் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் தெருவில் நிற்பார்கள். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டுப்பாடே வேண்டாம், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓட்டட்டும் என்று சொல்பவர்கள் இந்த மதிய நடையைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1940களின் கடைசியில் சென்னை நகரப் பேருந்துகளை அரசு தன் கையில் எடுத்தது. 1970களின் தொடக்கத்தில் பெரிய தனியார் உரிமையாளர்களின் பஸ்களை எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் பிறந்தன. (1997-ல் இந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள்; ஆனாலும் சென்னையில் வயதானவர்கள் வாயில் பல்லவன் பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.) அரசுக் கழகத்துக்கென்று ஒரு வழித்தடத்தையோ பகுதியையோ திட்டம் போட்டு அறிவித்துவிட்டால், அந்தத் திட்டம் இடம் கொடுத்தால் ஒழிய அங்கே தனியாருக்கு பெர்மிட் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் கொடுக்கும் பாதுகாப்பு இது.

இதனால் ஏழைகளுக்குக் கிடைத்த நன்மை சாதாரணமானதல்ல. இந்தியாவில் கிராமம் கிராமமாக பஸ் போகும் மாநிலம் எது என்று கேட்டால் தமிழ்நாட்டின் பெயர் முன்வரிசையில் வரும். 2018 ஜனவரிக்குப் பிறகு அரசுப் பேருந்துக் கட்டணத்தை அரசு உயர்த்தவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் அனுமதி கொடுக்கும் துறையும் பஸ் ஓட்டும் துறையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் முதலில் எழும் கேள்வி "நம் கலெக்‌ஷன் குறையுமா" என்பதாகத்தான் இருக்கும். பயணிக்கு அந்த வண்டி தேவையா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வரும். இந்த வரிசை மாறாதவரை ஷேர் ஆட்டோ ஒரு தொந்தரவாகத்தான் தெரியும்.

மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி மினி பஸ். பெரிய பஸ் திரும்ப முடியாத, திரும்பினாலும் கட்டுப்படியாகாத ஊர்களுக்காக 1997-ல் திமுக அரசு அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தனியாருக்கு பெர்மிட், 20 கிலோமீட்டருக்கு மிகாத வழித்தடம், பஸ்ஸே போகாத சாலையில்தான் அதன் பெரும்பகுதி, அரசுப் பேருந்து ஓடும் சாலையில் கொஞ்சதூரம் மட்டும். அந்தக் கொஞ்சதூரத்தில்தான் எல்லாமே இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும் மினி பஸ் சந்தையையோ அரசு ஆஸ்பத்திரியையோ பஸ் ஸ்டாண்டையோ தொட்டால்தான் ஆள் ஏறுவார்கள். தொடாமல் பாதி வழியில் இறக்கிவிட்டால், இன்னொரு வண்டிக்குக் காத்திருப்பதைவிட டூவீலரே மேல் என்று போய்விடுவார்கள். பல ஊர்களில் நடந்ததும் அதுதான். டீசல் விலை ஏறியது, கட்டணம் ஏறவில்லை, டூவீலர் வந்தது, பெண்கள் பயணம் இலவசமானது. பல மினி பஸ்கள் நின்றுபோயின. அரசுப் பேருந்தோடு "டைமிங்" தகராறு வேறு. டைம் ஆபீஸ் வாசலில் இரண்டு கண்டக்டர்கள் இரண்டு நிமிஷத்துக்காகச் சண்டை போடுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த இரண்டு நிமிஷத்தில் யார் முன்னால் போகிறாரோ அவருக்குத்தான் அன்றைய பேட்டா.

புதிய விரிவான மினி பஸ் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார். வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் வழித்தடம் என்றால் பதின்மூன்று கிலோமீட்டர் ஊருக்குள், ஏழு கிலோமீட்டர் பிரதான சாலையில். பஸ் ஸ்டாண்டைத் தொட அது போதும். மாவட்டந்தோறும் வழித்தடங்களைக் கண்டறிந்து, அறிவிப்பு கொடுத்து, விண்ணப்பம் வாங்கினார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தடையாக இருக்கவில்லை. அரசு நினைத்தபோது விதி வளைந்து கொடுத்தது.

ஷேர் ஆட்டோவுக்கு அந்த மாதிரி ஒரு நினைப்பு இன்னும் வரவில்லை. அதன் விலையைக் கொடுப்பவர் பயணி.

முதலில் காப்பீடு. பெர்மிட் அனுமதிக்காத காரியத்துக்கு வண்டியைப் பயன்படுத்தியிருந்தால், விபத்து வழக்கில் காப்பீட்டு நிறுவனம் அதை எதிர்வாதமாக வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2018-ல் உறுதிப்படுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியைத்தான் அங்கேயும் பின்பற்றினார்கள். அதனால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும்; கடனில் வண்டி வாங்கிய டிரைவர் தெருவுக்கு வருவார். ஆள் எண்ணிக்கை கூடினால் நிலைமை இன்னும் மோசம். இமாச்சலத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற ஒரு பஸ், அதற்கு இரு மடங்குக்கும் மேல் ஆளை ஏற்றிப் பள்ளத்தில் விழுந்தது. அந்த வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: காப்பீடு 42 பேருக்குத்தான், 42 பேருக்கான அதிகபட்சத் தொகையை நிறுவனம் கட்டட்டும், அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக்கொள்ளுங்கள். மூணு பேருக்கு அனுமதி பெற்ற ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக, டிரைவரின் தோளை உரசி உட்கார்ந்திருப்பவர் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கட்டணம். சென்னையில் மீட்டர் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது. அது நடைமுறையில் என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. ஷேர் ஆட்டோவில் ஓர் இருக்கைக்கு எவ்வளவு என்று எழுதி ஒட்டிய பலகையை நான் பார்த்ததில்லை. நல்ல விஷயம், அந்தக் கட்டணம் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கிறது. பக்கத்து வண்டியும் அதே விலைக்கு ஓடுவதால் பேரம் இல்லை. மழை பெய்தாலோ கடைசி பஸ் போய்விட்டாலோ அந்த நியாயம் தளர்ந்துவிடுகிறது. அப்போது யாரிடம் முறையிடுவது? சட்டப்படி அப்படி ஒரு சேவையே இல்லையே.

மூன்றாவது, அதிகாரிகளின் கையில் சேரும் அளவுக்கு மீறிய விருப்ப அதிகாரம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ஓவர்லோடு கேஸ் என்றால் கூடுதல் ஆளுக்குத் தலா 200 ரூபாய். கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் மாற்று வாகனம் ஏது? அது இருந்திருந்தால் அவர்கள் இந்த வண்டியில் நெருக்கி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். விதியை அப்படியே அமல்படுத்தினால் ஒரே நாளில் சாலையோரம் முழுக்க ஆள் நிற்பார்கள் என்று தெரிந்திருப்பதால் யாரும் அமல்படுத்துவதில்லை. எப்போதாவது ஒரு விபத்து நடந்து செய்தியானால் ஒரு வாரம் அதிரடி சோதனை. மற்ற நாட்களில் எந்த வண்டியைப் பிடிப்பது, எதை விடுவது என்பது சந்திப்பில் நிற்பவர் தீர்மானம். டிரைவர்கள் பேச்சில் மாமூல் என்ற சொல் சர்வசாதாரணமாக வருவதற்கு இதுதான் அடிப்படை. தினமும் தவறு செய்யாமல் ஓட்டவே முடியாத தொழிலில் நேர்மையாக இருக்க டிரைவருக்கும் வழியில்லை, அதிகாரிக்கும் வழியில்லை.

இந்தியாவிலேயே வேறு ஊர்கள் இதைச் சமாளித்திருக்கின்றன. கொல்கத்தாவில் ஆட்டோ என்றாலே வழித்தட வண்டிதான். நாலு பயணிகள், இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை, ஆளுக்கு இவ்வளவு. மும்பையில் ரயில் நிலையங்களுக்கு வெளியே பகிர்வு ஆட்டோ, பகிர்வு டாக்சி வழித்தடங்களைப் போக்குவரத்து ஆணையமே அங்கீகரித்து இருக்கைக் கட்டணத்தையும் நிர்ணயிக்கிறது. அங்கேயும் குறைகள் உண்டு. கொல்கத்தாவில் ஐந்தாவது ஆள் ஏறுவதும், பண்டிகை நாளில் கட்டணம் கூடுவதும் புதிதல்ல. ஆனால் அங்கே பயணியால் "இது நாலு பேர் வண்டி" என்று விதியைக் காட்டிப் பேச முடிகிறது. கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட்டிலும் குறிப்பிட்ட வழித்தடத்தில் மட்டும் ஓட வேண்டும் என்று நிபந்தனை போட 74-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

பெர்மிட்டை மட்டும் அள்ளிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். நிறவெறி ஆட்சியில், 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிரைவரோடு சேர்த்து ஒன்பது பேர் போகும் வண்டி டாக்சி என்ற வரையறைக்குள் வந்தது. கறுப்பின மக்கள் அந்த இடுக்கு வழியே சிறிய வேன்களைப் பகிர்வு டாக்சிகளாக ஓட்டத் தொடங்கினார்கள். நம் ஷேர் ஆட்டோ சட்ட இடுக்கில் பிறந்தது போலவேதான். 1980களின் கடைசியில் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பதினாறு இருக்கை வேன்களுக்கு பெர்மிட்டுகளை ஏராளமாகக் கொடுத்தது. எந்த வழித்தடத்தில் எத்தனை வண்டி என்று பார்க்க ஆளில்லை. வழித்தடங்களை டாக்சி சங்கங்கள் கைப்பற்றின. அவற்றுக்குள் துப்பாக்கிச் சண்டை மூண்டு ஏராளமானவர்கள் செத்தார்கள். அந்த மோதல் இன்றைக்கும் முழுதாக ஓயவில்லை. நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு ஸ்டாண்டில் புது வண்டி வரிசைக்குள் நுழைய சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று கேள்விப்படும்போது, விதி இல்லாத இடத்தில் யார் விதி எழுதுவார்கள் என்பது புரிகிறது.

சட்டத்தில் வழி இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. 2019 திருத்தம் 67-வது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. மாநில அரசு, இந்தச் சட்டத்தில் வேறு என்ன சொல்லியிருந்தாலும், அரசிதழில் அறிவித்து எந்த பெர்மிட்டையும் மாற்றியமைக்கலாம். பயணிகள் போக்குவரத்துக்குத் தனித் திட்டம் வகுத்து உரிமம் கொடுக்கலாம். எந்தெந்த நோக்கங்களுக்காக என்ற பட்டியலில் முதலில் இருப்பதே கடைசி மைல் இணைப்பு, அதாவது நிலையத்திலோ நிறுத்தத்திலோ இறங்கியவரை வீடு வரை கொண்டுசேர்ப்பது. ஸ்டேஜ், கான்ட்ராக்ட் என்ற பழைய இரட்டைப் பிரிவுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்றை மாநிலமே உருவாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள்.

சென்னையில் அதைத் தொடங்க வேண்டிய இடமும் நேரமும் தெளிவாகவே இருக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் உருவாகிக்கொண்டிருக்கிறது; அதன் தென்பாதி ஷேர் ஆட்டோக்கள் ஓடும் இதே சாலையில்தான். ரயில் வந்த பிறகு இந்த ஆட்டோக்கள் பிரதான சாலையில் ரயிலோடு போட்டி போடுவதா, நிலையத்திலிருந்து மேடவாக்கம் பக்கமும் கடற்கரைப் பக்கமும் உள்ளே போவதா? இதை முன்கூட்டியே முடிவு செய்ய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதன் தலைவர் முதல்வர். உள்வழிகளை அடையாளம் காட்டி, வழித்தடத்துக்கு இத்தனை வண்டி, வண்டிக்கு இத்தனை இருக்கை, இருக்கைக்கு இவ்வளவு கட்டணம் என்று உரிமம் கொடுக்கலாம். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தாக வேண்டும். பதினைந்து வருஷமாக அந்தச் சாலையை அறிந்தவர்களை ஒதுக்கிவிட்டு டெண்டரில் வெளியாளைக் கொண்டுவந்தால் திட்டம் முதல் மாதமே முட்டிக்கொள்ளும். முன் இருக்கைச் சவாரியை மட்டும் எந்தச் சலுகையும் இல்லாமல் நிறுத்த வேண்டும். ஹாண்டில்பாரைத் திருப்ப இடமில்லாமல் டிரைவர் முழங்கையை மடக்கிக்கொண்டு ஓட்டுவதை எந்த விதியாலும் பாதுகாப்பாக்க முடியாது. அந்த இரண்டு சவாரிக்கான வருமானம் போவதை இருக்கைக் கட்டணத்தில் ஒன்றிரண்டு ரூபாய் கூட்டி ஈடுகட்டலாம். பயணிகள் கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

தாமதிக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு, பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு பெர்மிட்டே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. எலக்ட்ரிக் ஆட்டோக்கள் சாலைக்கு வர வர, பெர்மிட்டைக் கொடுத்தும் மறுத்தும் இதுவரை நடந்துவந்த கட்டுப்பாடு தானாகவே பிடி தளர்கிறது. எத்தனை வண்டி, எந்தப் பாதை என்பதைச் சொல்ல மாநிலத்தின் கையில் மிஞ்சுவது கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமும், நிறுத்தங்களை ஒதுக்கும் அதிகாரமும், 67-வது பிரிவின் அந்தப் புதிய உட்பிரிவும்தான்.